ஏழாம் நம்பர் குப்பி

முந்நூற்றுப் பன்னிரண்டு என்று திரை காட்டியதும் துறைத்தலைவரின் புருவம் ஏறிய உயரத்துக்கு, அதை இறக்க ஏணிதான் கொண்டுவர வேண்டும்.

“நோயே இல்லாத ஆளோட ரத்தம்னு எழுதியிருக்கேக்கா. உங்க கம்பி பொய் சொல்லுது.”

பூச்சு அக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கம்பியால்தான். பென்சில் முனை அளவு கரிக்கம்பி. ரத்தத்தின் சர்க்கரை பட்டால் அதில் மின்சாரம் ஓடும். சர்க்கரை கூடக்கூட மின்சாரமும் கூடும். வேறு எதுவும் குறுக்கே புகுந்து குழப்பாமலிருக்க நுனியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு. அதைச் சரியாக்க அக்காவுக்குப் பதினோரு வருடம் ஆனது. அந்த நேரத்தில் இரண்டு மலைகளைத் தேய்த்துக் கூழாங்கல் ஆக்கியிருக்கலாம்.

இன்று கம்பி தோற்றால் அறைக்குப் பூட்டு. மதிப்பிட வந்த மூன்று பேரும் பேனா மூடியைக் கழற்றிவிட்டார்கள்.

அக்கா தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் காலி செய்தார். காலையிலிருந்து நாலாவது. அவர் கோபத்துக்கு ஓர் ஏரியே போதாது.

புதுக் கம்பி எடுத்தார். முந்நூற்று ஒன்பது.

இன்னொன்று. முந்நூற்றுப் பதினான்கு.

சர்க்கரையில்லாத உப்புநீரில் முக்கினார். சைபர். அதிலேயே வைட்டமின் சி பொடியைக் கொட்டினார். ‘நான்தான் சர்க்கரை’ என்று பல கருவிகளை நம்பவைத்த எத்தன் அது. கம்பி அசையவில்லை. சைபர்.

“போதும்க்கா. ஏழாம் நம்பர் குப்பிக்கு ‘ஆரோக்கியம்’னு எழுதினது நீங்கதானே?”

“நான்தான் சார். எழுதினதுதான் தப்பு. கம்பி மேல தப்பில்ல.”

குப்பிக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. யாருடைய ரத்தம் என்று கேட்பது அந்த ஆய்வகத்தில் கொலைக்கு அடுத்த குற்றம். யாரும் கேட்கவில்லை.

குப்பியில் மீதமிருந்த ரத்தத்தைத் தெருமுனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, அக்கா வாசலை மறித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூவரில் ஒருவர் தனக்கு ரயிலுக்கு நேரமாகிறது என்றார்.

“ரயில் நாளைக்கும் வரும்.”

ஒரு மணி நேரம் கழித்து போன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

“முந்நூத்திப் பத்து, மேடம்.”

அக்கா தட்டிய கைதட்டலில் அலமாரிக் குப்பிகள் பரதம் ஆடின. மூன்று பேனாக்களும் அவசரமாக எழுதத் தொடங்கின. தலைவர் மட்டும் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கைதட்டாதீங்க மேடம்,” என்றது போன் குரல். “இது விளையாட்டில்ல. அந்தப் பேஷன்ட்டை உடனே கூட்டிட்டு வாங்க.”

“இப்ப முடியாதும்மா. இங்க மூணு பேர் கையெழுத்துப் போடணும். போட்டு முடிக்கிற வரைக்கும் அந்தப் பேஷன்ட் இந்த நாற்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாங்க.”

முழங்கை மடிப்பில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, அக்கா காலை இன்னும் நன்றாக நீட்டிக்கொண்டார்.