ஒரு விரல் கிரீஸ்

"எந்தக் கிறுக்கன் இதுக்கு பிளான் போட்டான்? பிரேக் இல்ல, ஸ்டாண்டு இல்ல, மட்கார்டு இல்ல. இதுக்குப் பேரு சைக்கிளா?"

காசிலிங்கம் அண்ணாச்சி போன மாதமும் இதையேதான் கேட்டார். உப்பளப் பக்கத்துப் புதுக்கோட்டையின் மெயின் ரோட்டில் முப்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறார். அவர் கைபடாத சைக்கிளெல்லாம் தப்பாகச் செய்த சைக்கிள் என்பது அவர் முடிவு.

ஜெயபிரியா வண்டியைத் தலைகீழாக நிறுத்தினாள். கிளப் மொத்தமாக வாங்கிக் கொடுத்த நீலநிற டிராக் சைக்கிள்.

"செயின் தொங்குது அண்ணாச்சி. இழுத்து மாட்டணும்."

"அது கிடக்கட்டும். பிரேக் இல்லாம எப்படிளா நிப்பாட்டுவ?"

"ஃபிரீவீல் கிடையாது. மிதிக்கிறதைக் குறைச்சா சக்கரமும் குறையும். கால்தான் பிரேக்."

"அப்போ கை எதுக்கு? டாட்டா காட்டவா?"

அவர் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். ஆக்ஸில் உட்காரும் காடியை விரலால் தட்டினார்.

"இது பின்னால பார்த்து வாயைத் தொறந்துட்டு இருக்கு பாரு. இதை மட்டும் நம்ம ஊரு மீன்காரன் சைக்கிள்லேருந்து திருடிட்டான்."

"சக்கரத்தைப் பின்னால இழுத்தா செயின் டைட் ஆகும். அதுக்குத்தான்..."

"எனக்குச் சொல்லுதியாக்கும்! நீ பொறக்குமுன்னயே நான் இழுத்தவன். நம்ம சைக்கிள்லயாவது இழுத்துப் பிடிக்க அட்ஜஸ்டர் உண்டு. இதுல ரெண்டே ரெண்டு நட்டு. அதை நம்பி ஒரு பந்தயம்! ஆமா, போன மாசம் என்னாச்சு? செயிச்சியா?"

"இல்ல. கிளம்பும்போது எழுந்து நின்னு ஓங்கி மிதிச்சேன். ஆக்ஸில் முன்னால சறுக்கிருச்சு. டயர் பிரேம்ல போய் உரசி, அப்படியே நின்னுட்டேன்."

"பார்த்தியா! பிரேம் சரியில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேன்லா?"

"சொன்னீங்க."

"இப்போ எதுக்கு அவசரம்?"

"நாளைக்கு ஸ்டேட் டீமுக்கு செலக்‌ஷன். ஒரே இடம்தான் பாக்கி. நானும் உமாராணியும் மோதணும். அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும்."

"எந்த உமாராணி? சாத்தான்குளத்துக்காரியா? ஒரு நாள் இங்கன காத்தடிக்க வந்தாளே. உன் தோளுக்குக்கூட இருக்க மாட்டா. அவகிட்டயா தோத்த?"

"அவகிட்டதான்."

அண்ணாச்சி "த்தூ" என்று ஓரமாகத் துப்பிவிட்டு நட்டைக் கழற்றினார். சக்கரத்தை உருவியதும் முகம் சிவந்துவிட்டது.

"ஏளா! எல்லாம் காஞ்சு கருவாடாக் கிடக்கு! போன மாசம் நான் போட்ட கிரீஸ் எங்க? தொடைச்சிட்டியா?"

ஜெயபிரியா ரோட்டில் போகிற லாரியைப் பார்த்தாள்.

"உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவுல குடியிருக்கோம். இந்தக் காத்து ஜன்னல் கம்பியையே ஆறு மாசத்துல தின்னுருது. ஹார்பர்ல எவனாவது கிரீஸ் இல்லாம ஒரு போல்ட்டு மாட்டுவானா? படிச்ச பிள்ளைன்னு பேரு. மண்டையில ஒண்ணும் கிடையாது."

"தப்புதான் அண்ணாச்சி. இந்தத் தடவை நல்லாவே போட்டுருங்க. நட்டுக்கு மட்டுமில்ல, காடியிலயும். ரெண்டு பக்கமும்."

"அப்படி வா வழிக்கு."

டப்பாவுக்குள் விரலை விட்டு, கொத்தாக எடுத்து, காடியின் உள்ளும் புறமும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பூசினார். வாஷரையும் விடவில்லை. சக்கரத்தை இழுத்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"இனி நீயே நினைச்சாலும் துரு பிடிக்காது."

"வெளிய வழியிறதை மட்டும் தொடைச்சிருங்க. பார்க்க அசிங்கமா இருக்கும்."

துடைத்தார். பிறகு சைக்கிளை நிமிர்த்தினார். "சீட்டு வேற தரையில கிடக்கு. உன் ஒசரத்துக்கு ரெண்டு இஞ்சாவது ஏத்தணும்."

"அதைத் தொடாதீங்க!" கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள். "அது அப்படியே இருக்கட்டும்."

"என்னமோ போ. தோத்துட்டு வந்து என்னையச் சொல்லாத."

"சத்தியமா சொல்ல மாட்டேன் அண்ணாச்சி."

சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே நடந்தாள். போன மாதம் கோச் டேவிட்சன் அவளுடைய சைக்கிளின் காடிக்குள் விரலை விட்டெடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டியிருந்தார். "சக்கரம் இறுக்கிப் பிடிக்கிற இடத்துல கிரீஸ் போட்டா வழுக்காம என்ன செய்யும்? எந்த முட்டாள் இதைப் போட்டான்?" முட்டாளின் பெயரை அவள் சொல்லவில்லை. அண்ணாச்சியிடமும் இதுவரை சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப்பில் கிளப் வேன் நின்றது. மேலே இன்னொரு நீலநிற சைக்கிள் கட்டியிருந்தது. சீட்டு நன்றாக உயர்ந்த சைக்கிள். காலையில்தான் ஜெயபிரியா அதன் காடியைப் பெட்ரோலில் கழுவி, மூன்று துணி மாற்றித் துடைத்திருந்தாள்.

வேனிலிருந்து உமாராணி குதித்து ஓடிவந்தாள்.

"செயின் தொங்குதுன்னு சும்மா ஒரு வார்த்தை சொன்னேன், அதுக்குள்ள நீயே கடைக்குக் கொண்டு போயிட்டியேக்கா!" என்று சொல்லி, தன் சைக்கிளை வாங்கிக்கொண்டாள்.