சட்டை மைக்கும் இரைச்சல் கதவும்

வெள்ளத்தில் போன படகில், நிருபரின் சட்டையில் ஒரு குட்டி மைக் தொற்றிக்கொண்டிருந்தது. அது கேட்டதெல்லாம் டிவி நிலையத்தில் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸருக்குப் போகும். மிக்ஸர் வாசலில் ஒரு கதவு காவல் இருந்தது. உரத்த சத்தத்துக்குத்தான் திறக்கும். மெல்லியதெல்லாம் அதற்கு இரைச்சல்.

நிருபர் மூச்சு வாங்கப் பேச்சை நிறுத்தினார். அப்போது, படகில் யார் காதுக்கும் எட்டாத ஒரு குழந்தையின் அழுகை மைக்குக்குக் கேட்டது.

“அண்ணே, திறங்க! கூரை மேல பிள்ளை அழுவுது.”

“எத்தனை டெசிபல்?”

“பிள்ளைண்ணே!”

“அளவுக்குக் கீழேன்னா இரைச்சல்தான். கொஞ்சம் உரக்க அழச் சொல்லு, பார்க்கலாம்.”

அழுகை தேய்ந்துகொண்டே போனது. ஒருநாளும் கரகரத்துப் பெயரைக் கெடுத்துக்கொள்ளாத மைக், சட்டைப் பொத்தானில் தன் முகத்தை வைத்துத் தேய்த்தது. கர்ர்ரக்!

“ஐயையோ, என்னடா கூத்து!” என்று கதவு பதறித் திறந்தது. அந்தச் சந்தில் அழுகையும் உள்ளே நுழைந்துவிட்டது.

நிலையத்தில் மிக்ஸரை இயக்கும் பிலோமினா துள்ளி எழுந்து, நிருபரின் காதுக்கருவியில் கத்தினாள். “சார், படகைத் திருப்புங்க! பக்கத்துல குழந்தை அழுவுது!”

படகு திரும்பியது. ‘கரகரக்குற பாழாப்போன மைக்’ என்று நிருபர் அதைப் பிடுங்கிப் பைக்குள் எறிந்தார். இருட்டுக்குள் அது மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டது. அழுகை பெரிதாகிக்கொண்டே வந்தது.