ரெண்டு பக்கமும் கூட்டணும்

"யாரச் சொல்ற? என்னையா?"

வெளக்குமாறும் கையுமாக வந்து நின்றார் அடுத்த வீட்டு லெட்சுமி.

சுதர்ஷினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுநாள் ஓ.எல். கணக்குப் பரீட்சை. இது இரண்டாம் தடவை. இதிலும் கோட்டை விட்டால் கொழும்பில் துணிக்கடை வேலைதான் என்று அம்மா சொல்லியாயிற்று.

போன தடவை அவளைக் கவிழ்த்தது நிறைவர்க்கமாக்குகிற கணக்கு. எக்ஸ் வர்க்கம் கூட்டல் ஆறு எக்ஸ் சமன் ஏழு. ஆறில் பாதி மூன்று, அதன் வர்க்கம் ஒன்பது. அந்த ஒன்பதை இந்தப் பக்கம் கூட்டிவிடுவாள், அந்தப் பக்கம் மறந்துபோவாள். அதனால்தான் ஒரு வாரமாகச் சத்தம் போட்டு மனப்பாடம்: "ரெண்டு பக்கமும் கூட்டணும். ஒரு பக்கம் மட்டும் கூட்டுனா மொத்தமும் தப்பு."

தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் கொட்டாவி விட்டால் அந்த வீட்டில் கேட்கும். வாசலும் ரெண்டு வீட்டுக்கும் ஒன்றுதான்; அவரவர் பக்கத்தை அவரவர் கூட்ட வேண்டும்.

"வாசல் கூட்டுறதுக்கு எனக்கே பாடம் நடத்துறியா?" என்றார் லெட்சுமி.

பெரியம்மா, இது கணக்கு என்று சுதர்ஷினி கொப்பியைக் காட்டினாள். லெட்சுமி அதை மேலும் கீழும் பார்த்தார். இதில் வாசல் எங்கே இருக்கிறது என்று கேட்டார். எக்ஸ் யார் வீட்டுப் பிள்ளை என்றும் கேட்டார்.

கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்த அம்மா மீனம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டே வாயை விட்டாள்.

"கணக்குச் சொன்னா உங்களுக்கு ஏங்கக்கா சுருக்குங்குது? ஒரு பக்கம் மட்டும் கூட்டுறவங்களுக்குத்தான் அப்படிப் படும்."

லெட்சுமி வெளக்குமாற்றைச் சுவரில் சாத்திவைத்தார்.

"மக கூட்டுவான்னு நீ விடியவே வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிடுற. அம்மா கூட்டிட்டுத்தான் போயிருக்கும்னு இவ கொப்பிய விரிச்சிடுறா. பிள்ள படிக்கட்டும்னு நானும் வாயத் தொறக்கல. மூணு மாசமா உங்க பக்கத்த யாரு கூட்டுறான்னு நெனச்சீங்க?"

தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. சுதர்ஷினி மறக்காமல் ரெண்டு பக்கமும் கூட்டினாள். விடியக்காலையிலேயே வாசலில் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தாள்.