நாற்பது வளைகள்

நரியார் நடத்திய வளைக் காப்பீட்டு ஆபீசில் வேலை கேட்டுப் போன இளம் முயல் செவலையனிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"சொந்தக்காரங்க எத்தனை பேர்?"

"கூடப் பொறந்தவங்களே நாப்பது பேர், சார்."

உடனே வேலை கிடைத்தது. தன் திறமையைக் கண்டுகொண்டார்கள் என்று செவலையன் பூரித்துப்போனான். மூன்றே மாதத்தில் நாற்பது பேர் தலையிலும் பாலிசியைக் கட்டிவிட்டான். நாலாம் மாதம் ஆளும் சிக்கவில்லை, சம்பளமும் வரவில்லை.

"பதவி உயர்வு தர்றேன்னு சொன்னீங்களே, சார்?"

"ஆளுக்கு இன்னொரு பாலிசி போட வை தம்பி. அப்புறம் நீதான் மேனேஜர்."

நரி வருவது தெரிந்தால் வளை வாயை மண் தள்ளி மூடிக்கொள்வது முயல்களின் வழக்கம். அன்று செவலையன் ஊருக்குள் நுழைந்ததும் நாற்பது வளைகளும் மளமளவென்று மூடின. அவன் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தான்.

பின்னால் யாரும் இல்லை.