இறாலுக்குச் சுற்றிய ஆரத்தி

பனித்திட்டு மீனவக் கிராமத்துக் கரையில் காலை வெயில் சுள்ளென்று அடிக்கிறது. ஏற்றுமதிக்காரர் லாரி இன்றும் வராததால் கூடைகளில் ஐஸ் உருகி ஓடுகிறது, இறால் தலை கறுத்துக் கிடக்கிறது. ஓட்டுக் கேட்டு வந்த எம்.எல்.ஏ. ஜீப்பில் நின்றபடி, "அமெரிக்காக்காரன் இறாலுக்கு வரி போட்டா நாங்க இன்னாம்மா பண்றது?" என்று கையை விரிக்கிறார். அவருக்கு ஆரத்தி எடுக்க நிறுத்தப்பட்டிருக்கும் மீன்காரி வைஜெயந்திக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. "போன எலக்சன்ல வெல ஏறுனப்ப, நாங்கதான் ஏத்துனோம்னு இதே எடத்துல மைக்ல சொன்னியே! அப்ப எங்க போனான் அந்த அமெரிக்காக்காரன்?" அவள் ஜீப்புக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கறுத்த இறால் கூடைக்கு மூன்று முறை தட்டைச் சுற்றுகிறாள். "கண்ணு பட்டது இதுக்குத்தான்" என்கிறாள். சுற்றிய சிவப்புத் தண்ணீரை ஜீப் சக்கரத்தில் வீசி ஊற்றுகிறாள்.