அந்த மாமியாருக்கு ஓர் ஓட்டு

“கிடர்பூர் துறைமுகத்துல கப்பலையெல்லாம் நிறுத்திட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பியிருக்காங்க. சிறந்த வில்லி விருது அந்த மாமியாருக்குத்தான்!” என்றார் வேலாயுதம், வங்காள டிவி விருது விழாவின் முன்வரிசையில் உட்கார்ந்தபடி.

“அளக்காதீங்க,” என்றாள் அவர் மனைவி சுலோசனா. “ஜனங்க ஓட்டுப் போட்டுத் தர்ற விருதுங்க இது. சீரியல்ல மருமகளைப் பட்டினி போட்டவளுக்கு யாரு போடுவாங்க? பெஹாலா சந்தை மீன்காரம்மா மீன் வெட்டறப்பல்லாம் அவளைத் திட்டறாங்க.”

“திட்டற ஒவ்வொரு வாயும் ஒரு ஓட்டு! ஹூக்ளி ஆத்து மீன்கூடப் போட்டிருக்கு.”

“மீனுக்கு ஏதுங்க செல்போன்? கிடைக்கலைன்னா ஊரே சிரிக்கப் போகுது.”

சுலோசனா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

தொகுப்பாளர் உறையைப் பிரித்தார். “மக்கள் தேர்ந்தெடுத்த சிறந்த வில்லி... சுலோசனா வேலாயுதம்!”

அரங்கமே எழுந்து கைதட்டியது. முன்வரிசையிலிருந்து மேடைக்கு ஓடிய சுலோசனாவுக்கு, வங்காளத்தில் மனப்பாடம் செய்து வைத்திருந்த நன்றியுரை மறந்தே போனது. மைக்கைப் பிடித்து, வங்காளமே டிவியில் பார்த்துக்கொண்டிருக்க, கணவரைப் பார்த்துத் தமிழிலேயே கத்தினாள்:

“ஏங்க, ஒத்துக்கறேங்க! நிஜமாவே போட்டிருக்காங்க!”