கயிறு விழுந்த இடம்

“தெரியறதாம்மா? இதுதான் எமன் வீசின கயிறு விழுந்த தழும்பு.”

குருக்கள் தீபத்தை லிங்கத்தின் அருகே கொண்டுபோனார்.

அபிஷேகம் முடிந்திருந்தது. அலங்காரம் இன்னும் தொடங்கவில்லை. ஈரக் கல்லின் மேல் மெல்லிய கோடு ஒன்று தெரிந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற கணவர் பார்க்கவில்லை. கைகூப்பி, கண்களை இறுக மூடியிருந்தார்.

இன்று அவருக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தைத் திருக்கடையூரில்தான் செய்ய வேண்டும் என்று மகள் உமையாள் ஒற்றைக்காலில் நின்றாள்.

“வேற எந்தக் கோயில்னாலும் வரேன். அது மட்டும் வேணாம்” என்று அவள் மகளிடம் சொல்லிப் பார்த்தாள்.

காரணம் சொல்லவில்லை. மகளுக்குத் தெரியும்.

மார்க்கண்டேயனுக்குப் பதினாறு வயது. ஆயுள் முடிந்தது என்று எமன் வந்து நின்றான். பையன் ஓடிப்போய் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். எமன் வீசிய கயிறு இருவர் மேலும் சேர்ந்து விழுந்தது. கல்லைப் பிளந்துகொண்டு சிவன் வந்தார். எமனை எட்டி உதைத்தார். பையன் பிழைத்தான்.

நடந்தது இந்த ஊரில்தான் என்கிறார்கள்.

அவள் மகன் சேந்தனுக்கும் பதினாறுதான்.

யாரும் வரவில்லை.

சென்னையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். “பாலம் வரைக்கும் நான் ஓட்டுறேம்ப்பா” என்று கெஞ்சினான். லைசென்ஸ் வாங்கும் வயதில்லை. அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்தார். பாலத்தின் மேல், எங்கோ அறுந்துபோன பட்டத்தின் மாஞ்சா நூல் காற்றில் குறுக்கே வந்தது.

முன்னால் இருந்தவனின் கழுத்தில் பட்டது.

பின்னால் இருந்தவருக்கு முழங்கையில் சிராய்ப்பு.

“நீங்கதான் சாவியக் குடுத்தீங்க” என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். அவர் அழ அவள் இடம் கொடுக்கவில்லை.

வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பிரஷர் மாத்திரையை எடுத்து வைத்தாள். உமையாள் கல்யாணத்தில் மாலையும் கழுத்துமாக அவர் பக்கத்தில் நின்றாள். மகன் பெயரை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் எப்போதோ நின்றுபோயிற்று.

அவள் இங்கே வந்தது கும்பிட அல்ல. ஒன்று கேட்கத்தான். வரும் வழியெல்லாம் அதை மனதுக்குள் உருப்போட்டுக்கொண்டு வந்தாள்.

அந்தப் பிள்ளைக்கு வந்தாயே, என் பிள்ளைக்கு ஏன் வரவில்லை?

தழும்பைப் பார்த்தபோது அது வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“வலிச்சிருக்குமா?”

குருக்கள் திரும்பிப் பார்த்தார்.

“சுவாமிக்கா? கொழந்தைக்காக வாங்கிண்டதும்மா. வலிச்சாலும் சொல்லுவாரோ?”

சிரித்துவிட்டு, தீபத் தட்டோடு அடுத்தவர்களிடம் போனார்.

கணவர் கண்களைத் திறந்திருந்தார்.

அவள் கேட்டது சுவாமியைப் பற்றி அல்ல என்று அவருக்குப் புரிந்தது. அந்த நேரத்தில் பிள்ளையோடு இருந்தது அவர் ஒருவர்தான்.

“இல்ல, மங்களம்.”

கூப்பிய கையை இறக்கினார்.

“அவனுக்கு ஒண்ணுமே தெரியல. அப்படியே எம்மேல சாஞ்சான். அவ்வளவுதான்.”

அவள் லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஆஸ்பத்திரியில் அவருக்கு யாரோ வேறு சட்டை கொடுத்திருந்தார்கள். அவர் போட்டிருந்த சட்டையைச் சுருட்டி ஒரு பையில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பையைப் பிரித்தவள் அவள்தான். நெஞ்சுப் பக்கம் கிழிந்திருந்தது. பொத்தான்கள் துணியோடு பிய்ந்து போயிருந்தன. கீழே விழுந்ததில் கிழிந்த மாதிரி இல்லை. ஒரு கை அதை இறுகப் பிடித்திருக்கிறது. பாலத்திலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும், ஆட்டோவில், விடாமல் பிடித்திருக்கிறது.

அவர் சொல்வது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் பிடியை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷர் இத்தனை வருஷம் தன் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை மட்டும் அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

“சரி” என்றாள்.

பிறகு, “அவனுக்குச் சாஞ்சுக்க நீங்க இருந்தீங்க” என்றாள்.

அவர் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பின்னால் நின்ற கூட்டம் நகரச் சொல்லி நெருக்கியது. அவள் நகரவில்லை. அவரையும் நகரவிடவில்லை.

பிரகாரத்தில் வரிசையாக ஹோமங்கள். ஒவ்வொன்றின் முன்னும் மாலையோடு ஒரு வயதான ஜோடி. கண்ணைக் கரிக்கும் புகை. நாலு பக்கமும் நாதசுரம். தலையில் கலச நீர் ஊற்றியதும், புதுப்புடவைக்கு மாறி வந்து அவள் மணையில் உட்கார்ந்தாள்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

அவர் தாலியை எடுத்தார். கண்ணில் இன்னும் ஈரம் இருந்தது. முதல் முடிச்சே விழவில்லை. மஞ்சள் சரடு விரலிடுக்கில் நழுவி நழுவிப் போயிற்று. போட்டோக்காரர் கேமராவை இறக்கிக்கொண்டார். மேளக்காரர்கள் நிறுத்தவும் முடியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

உமையாள் பதறிப்போய்க் குனிந்தாள்.

“குடுங்கப்பா. நான் முடிஞ்சிடுறேன்.”

மங்களம் ஈரக் கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினாள்.

“நீ சும்மா இருடி. அவர் மெதுவா கட்டட்டும்.”